சேவலில் மறைந்திருக்கும் நிறம்

கோழி முட்டை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது வெள்ளை நிறம். அல்லது பால் மிகுதியாகக் கலந்த தேநீரின் நிறம். பிரான்சு தேசத்தின் மேற்குக் கரையிலே, புளியங்கொட்டையின் நிறமும் அதன் மெருகும் ஒருங்கே வாய்ந்த முட்டைகளை இடும் கோழியினம் ஒன்று உண்டு. மரான் என்பது அதன் பெயர். கடுங்கபில முட்டையிடும் இனங்கள் ஐரோப்பாவின் வேறு பகுதிகளிலும் உள. ஒல்லாந்து தேசத்துப் பார்னவெல்ட் ஊரின் பெயரைத் தாங்கிய பார்னவெல்டர், அத்தேசத்திலேயே ஐசல் ஆற்றங்கரையிலுள்ள வெல்சும் கிராமத்துக்குரிய வெல்சுமர், ஸ்பெயினின் கற்றலோனியாப் பகுதியிற் பிறந்த பெனடசெங்கா என்பன அவற்றுட் சில. ஆயினும், நிறத்தின் ஆழத்தால் உலகப் புகழ் எய்தியது மரான் கோழியே எனலாம்.

ஓட்டின் நிறத்தால் முட்டையின் போசணை கூடுவதுமில்லை; குறைவதுமில்லை. வெள்ளை முட்டையை உண்பவன் பெறுவதையே கபில முட்டையை உண்பவனும் பெறுகிறான். உடைத்தவுடன் குப்பையிற் சேரும் ஓட்டின் மேற்பூச்சுக்காகத் தலைமுறை தலைமுறையாக மனிதர் ஏன் இத்துணைப் பாடுபட வேண்டும் என்று ஒருவர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை காணப் புகுமுன், அந்நிறம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு உண்டாகிறது, எதனால் அழிகிறது என்பனவற்றை ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயும்போது, இனவிருத்தி என்னும் தொழிலின் சிக்கல்கள் யாவும் அந்தச் சிறிய ஓட்டின்மீதே எழுதப்பட்டிருப்பதை நாம் காண்போம்.

சதுப்பு நிலத்துத் துறைமுகம்

வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழி என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட உண்மை. தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் அதன் கிளையினம் ஒன்றிலிருந்தே வீட்டுக் கோழி தோன்றியது என்று 2020 இல் வெளியான விரிவான ஆராய்ச்சியொன்று காட்டிற்று. இலங்கையின் தேசியப் பறவையாகிய நமது காட்டுக்கோழி அதற்கு உறவான வேறோர் இனமாகும். செங்காட்டுக்கோழி இடும் முட்டையோ வெளிறிய மங்கல் நிறமுடையது. ஆகவே, கருங்கபில நிறம் காட்டிலிருந்து முழுமையாகக் கிடைத்த கொடையன்று. மனிதன் கூட்டிலே வைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்தெடுத்த செல்வம்.

மரான் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். எழுதும்போது அதன் ஈற்றில் ஓர் எழுத்து மிகுந்து நிற்பினும் பிரெஞ்சு மக்கள் அதனை ஒலிப்பதில்லை. லா றொஷெல் என்னும் புகழ்பெற்ற துறைமுகத்துக்கு வடகிழக்கே, செவ்ர் ஆற்றின் ஓரத்தில், கால்வாய்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சதுப்பு நிலத்தில் அச்சிறு நகர் அமைந்துள்ளது. ஆற்றின் வழியே கடலோடு தொடர்புடையதாதலால் பழைய காலத்தில் அஃது ஒரு துறைமுகமாகவும் விளங்கிற்று.

அந்நிலப்பகுதியின் வரலாற்றிலே 1152 ஆம் ஆண்டு முக்கியமானது. அக்குவித்தேன் நாட்டுக்கு உரிமை பூண்ட எலியனோர் என்னும் அரசி அவ்வாண்டில் ஹென்றி பிளாந்தாசனே என்பவனை மணந்தாள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1154 இல், அவன் இங்கிலாந்தின் மன்னனானான். அதனால் அக்கரையோர நாடு ஆங்கில முடியின் ஆட்சிக்குட்பட்டது. ஆங்கிலக் கப்பல்கள் அடிக்கடி வந்து போயின. கப்பல்களிலே மாலுமிகளின் பொழுதுபோக்குக்கென ஏற்றிவரப்பட்ட போர்ச்சேவல்களிற் சில, உணவுப் பொருள்களுக்கு மாற்றாகக் கரையிலே விடப்பட்டன என்றும், அவை சதுப்பு நிலத்துக் கோழிகளோடு கலந்தன என்றும் அவ்வூரார் வழிவழியாகக் கூறுவர். இது கர்ணபரம்பரைக் கதையே. எனினும், துறைமுகத்தை அண்டிய ஊரின் கோழி பல தேசத்து இரத்தம் கலந்ததாயிருத்தல் வியப்பன்று.

கலப்பின் அடுத்த கட்டத்துக்கு நல்ல சான்று உண்டு. சீன தேசத்தில், யாங்சி ஆற்றின் கழிமுகத்தை அடுத்த லாங்ஷான் என்னும் பகுதியைச் சேர்ந்த கருநிறக் கோழிகளை, குரோட் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1872 இல் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். பேருருவும் இறகு மூடிய கால்களும் உடைய அக்கோழிகள் ஊதா மினுக்கம் படர்ந்த கபில முட்டைகளை இட்டன. அவற்றின் இரத்தம் ஐரோப்பாவின் பல இனங்களிலே புகுந்தது. ஒல்லாந்தின் பார்னவெல்டரும் அதற்குக் கடன்பட்டது. மரானும் அதற்குக் கடன்பட்டது. பிரெஞ்சு மரானின் கால்களில் இன்றும் காணப்படும் இறகுகள் அச்சீன உறவின் அடையாளம்.

1929 இல் பிரான்சிலே மரான் கோழிக்கெனத் தனிக் கழகம் நிறுவப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் அவ்வினத்துக்குரிய இலக்கணம் வகுக்கப்பட்டது. பாரிசு நகரத்துக் கண்காட்சியொன்றிலே அதன் முட்டைகளைக் கண்டு வியந்த கிரீன்வே பிரபு அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். ஆங்கிலேயரோ காலில் இறகில்லாதவற்றையே விரும்பித் தேர்ந்தனர். ஆதலால் இன்று ஆங்கில மரான் வெறுங்காலுடனும் பிரெஞ்சு மரான் இறகுக் காலுடனும் திரிகின்றன. ஒரே முட்டைக் கூடையிலிருந்து புறப்பட்ட இனம், வளர்ப்போரின் விருப்பத்தால் இரு வடிவம் கொண்டது. தேர்வு என்னும் செயலின் வலிமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நிறம் பூசப்படும் நேரம்

ஒரு கோழியின் உடலில் முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் செல்லும். மஞ்சட்கரு சூலகத்திலிருந்து விடுபட்டு, நீண்ட குழாயின் வழியே இறங்கிவரும்போது வெண்கருவும் மென்சவ்வுகளும் அதனைச் சூழ்கின்றன. பின்னர் ஓட்டுச் சுரப்பி என்னும் பகுதியை அடைந்து, அங்கே ஏறத்தாழ 20 மணி நேரம் தங்குகிறது. கல்சியங் காபனேற்றினாலான வெள்ளோடு அங்கேதான் படிகிறது. கபில முட்டையும் தொடக்கத்தில் வெள்ளை முட்டையே. ஓடு பெரும்பாலும் முற்றுப்பெற்ற பின்னர், முட்டை வெளிவருவதற்கு முந்திய சில மணி நேரத்திலேயே நிறத்தின் பெரும் பகுதி அதன்மேற் பூசப்படுகிறது.

அந்த நிறப்பொருளின் பெயர் புரோத்தோபோபிரின். குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபினோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு. இப்பொருளின் நடுவே இரும்பணு ஒன்று சேர்ந்தால் அது குருதியின் செம்பொருளாகிறது. இரும்பு சேராதவழி முட்டை ஓட்டின் கபிலமாக எஞ்சுகிறது. குருதியின் சிவப்பும் முட்டையின் கபிலமும் ஒரே இரசாயன வழியிற் பிறந்தவை என்று அறியுந்தோறும் இயற்கையின் சிக்கனம் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது.

மரான் முட்டையில் இந்நிறப்பொருள் ஓட்டின் வெளிப்புறத்திலும் அதன்மேற் படியும் மெல்லிய படலத்திலும் மிகுதியாகத் திரண்டிருக்கும். முட்டை இடப்பட்டு ஈரம் உலருமுன் விரலால் அழுத்தித் தேய்த்தால் நிறம் கையோடு வந்துவிடும். உடைத்து உட்புறத்தைப் பார்த்தால் ஓடு வெளிறியே காணப்படும். நீலநிற முட்டையோ இதற்கு மாறானது. தென்னமெரிக்காவின் சிலி தேசத்துக் கோழிகளும் சீனாவின் சில கோழிகளும் இடும் நீல முட்டையின் நிறம் ஓடு முழுவதும் ஊடுருவி நிற்கும். நெடுங்காலத்துக்கு முன் வைரசு ஒன்று கோழியின் பரம்பரைப் பொருளில் தன் துண்டொன்றைப் புகுத்திச் சென்றமையே அந்நீலத்துக்குக் காரணம் என்று 2013 இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். அவ்வொரு பரம்பரையலகு இருந்தால் முட்டை நீலம், இல்லையேல் இல்லை. நீலக் கோழியை மரானோடு கலந்தால், நீல ஓட்டின்மேற் கபிலப் பூச்சு விழுந்து, ஒலிவ் காயின் பச்சை நிறத்தில் முட்டை கிடைக்கும்.

கபிலத்தின் வழி அத்துணை எளிதன்று. பல பரம்பரையலகுகள் கூடித்தான் அதனை ஆக்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு பங்கைத் தருகிறது. மரானை வெள்ளை முட்டையிடும் இனத்தோடு ஒருமுறை கலந்தால், பிறக்கும் பெட்டைகள் இடைப்பட்ட வெளிர்நிற முட்டையிடும். சேர்த்த பங்குகள் ஒரு தலைமுறையிற் சிதறிவிடும். அவற்றை மீண்டும் திரட்டப் பல தலைமுறைகள் வேண்டும்.

பரம்பரை நன்றாயிருப்பினும் நிறம் நிலைத்து நிற்பதில்லை. ஓய்வுக்குப் பின் முட்டையிடத் தொடங்கும் கோழியின் முதல் முட்டைகள் மிகக் கறுத்திருக்கும். நாளடைவில், தொடர்ந்து இடும்போது, நிறம் படிப்படியாக வெளிறும். இறகுதிர்த்து ஓய்ந்தபின் மீண்டும் ஆழம் கூடும். அச்சமுற்ற கோழியின் முட்டை வெளிறும். சுவாசக்குழாயைத் தாக்கும் தொற்றுநோய் கண்டாலும் வெளிறும். குருதிக்கழிச்சல் நோயைத் தடுக்கக் கொடுக்கப்படும் நிக்கார்பசின் என்னும் மருந்து, நிறப்பொருள் உண்டாவதைத் தடுத்து, கபில முட்டையை ஏறத்தாழ வெண்முட்டையாக்கிவிடும். ஆகையால், ஒரு முட்டையைக் கையிலேந்தி ஒரு கோழியின் தகுதியைத் தீர்மானிப்பவர் ஏமாந்து போவர். அனுபவமிக்க வளர்ப்பாளர், பருவத்தின் நடுவிலும் கடையிலும் அக்கோழி எவ்வாறு இடுகிறது என்று பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுவர்.

சேவலின் சாட்சி

மரான் கழகத்தார் முட்டையின் நிறத்தை அளப்பதற்கு 1 முதல் 9 வரை இலக்கமிட்ட நிற அட்டையொன்றைப் பயன்படுத்துகின்றனர். 4 ஆம் இலக்கத்துக்குக் கீழ்ப்பட்ட நிறமுடைய முட்டையை அவர்கள் மரான் முட்டையாக ஏற்பதில்லை. எனவே, கறுத்த முட்டைகளை மட்டும் தெரிந்து அடைவைத்தால் இனம் தானே மேம்படும் என்று புதிதாகத் தொடங்குவோர் எண்ணுவர். அவ்வெண்ணத்தில் ஒரு பாதி உண்மையே உண்டு.

முட்டையின் ஓட்டைப் பூசுவது தாய்க்கோழியின் உடல். உள்ளேயிருக்கும் குஞ்சுக்கு அந்நிறத்தில் எவ்விதப் பங்கும் இல்லை. ஆகவே, கறுத்த முட்டை தாயைப் பற்றிச் சாட்சி கூறுமேயன்றிக் குஞ்சைப் பற்றிக் கூறாது. குஞ்சின் பரம்பரையிற் சரிபாதி தந்தையினுடையது. தந்தையோ முட்டையிடுவதில்லை. கருங்கபிலத்தை ஆக்கும் பரம்பரையலகுகள் எத்தனை அதனிடத்தே உள்ளன என்பதை அதன் கொண்டையும் கூறாது, கழுத்தில் மின்னும் செம்பொன் இறகும் கூறாது. அதன் பெண்மக்கள் வளர்ந்து முட்டையிடும் நாளிலேதான் அவ்வுண்மை வெளிப்படும்.

இதற்கு வேண்டிய காலத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐரோப்பிய வளர்ப்பாளர் வசந்த காலத்திலே குஞ்சு பொரிக்க வைப்பர். அவ்வாண்டு பிறந்த சேவல் மறுவசந்தத்திலே தந்தையாகும். அதன் பெண்மக்கள் ஆறு ஏழு மாதம் கழித்து, குளிர் நெருங்கும் வேளையிலே முட்டையிடத் தொடங்குவர். அவர்களுடைய முட்டைகளைப் பருவம் முழுவதும் பார்த்துத் தீர்மானிப்பதற்குள் சேவலுக்கு இரண்டு வயதுக்கு மேலாகிவிடும். அதுவரை அதனை உயிரோடு வைத்து, தீனி கொடுத்து, பிறர் விலைக்குக் கேட்டாலும் கொடாமல் காக்க வேண்டும். சேவற்குஞ்சுகளை இளமையிலேயே கறிக்கு விற்றுவிடும் பண்ணையில் இந்தச் சாட்சி ஒருபோதும் கேட்கப்படுவதில்லை.

நேர்மையாகச் சாட்சி கேட்பதற்குக் கணக்கும் வேண்டும். எந்த முட்டை எந்தக் கோழியினுடையது என்பதை அறியப் பொறிக்கூடு வைப்பர். உள்ளே புகுந்த கோழி தானாக வெளியேற இயலாதவாறு கதவு விழும். வளர்ப்பாளர் வந்து, காலிலுள்ள வளையத்தின் இலக்கத்தைப் பார்த்து, அதனைப் பென்சிலால் முட்டையில் எழுதிய பின் கோழியை விடுவிப்பார். குஞ்சு பொரிக்கும் வேளையில் ஒவ்வொரு தாயின் முட்டைகளும் தனித்தனிக் கூடையில் வைக்கப்படும். சேவலை மாற்றும்போதும் அவசரம் ஆகாது. கோழியின் உடலில் விந்து பத்து நாளுக்கு மேலாக, சில வேளை மூன்று வாரம் வரையும், உயிருடன் தங்கியிருக்கும். பழைய சேவலை நீக்கி மூன்று வாரம் கழியுமுன் எடுத்த முட்டைகளை நம்பிப் புதிய சேவலின் மக்கள் என்று கணக்கெழுதினால் ஏடு முழுவதும் பொய்யாகிவிடும்.

காட்சிக்கூடத்திலே வேறொரு சோதனை காத்திருக்கிறது. நடுவர் முன் நிற்பது பறவை. அதன் முட்டை அன்று. இறகின் வண்ணம், உடலின் அமைப்பு, காலின் இறகு ஆகியவற்றுக்கே அங்கு பரிசு. அழகிய சேவலை விரும்பி வாங்குவோர் பலர். வெளிறிய முட்டையிடும் பெண்மக்களைத் தரும் அழகன் ஒருவன், பரிசுப் பதக்கத்தின் துணையோடு, பல பண்ணைகளின் நிறத்தைக் குலைத்துவிடுதல் கூடும். முட்டைக்கெனத் தனியாகவும் போட்டி வைத்து, பறவையோடு அதன் முட்டையையும் சேர்த்து மதிக்கும் வழக்கத்தை மரான் அன்பர் போற்றுவதன் காரணம் இதுவே.

அடைகாப்பின் சோதனை

கருங்கபிலத்தைத் தேடுவோருக்கு வரும் பெருந்துன்பம் அடைகாக்கும் 21 நாள்களிலே வருகிறது. முட்டையோடு பார்வைக்கு மூடிய சுவராகத் தோன்றினும், அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள. அவற்றின் வழியே ஒட்சிசன் உட்செல்கிறது, நீராவி வெளிப்படுகிறது. குஞ்சு நன்கு வளர்வதற்கு, 18 ஆம் நாளளவில் முட்டை தன் நிறையில் ஏறத்தாழ 13 வீதத்தை நீராவியாக இழந்திருத்தல் வேண்டும். அந்நீர் வெளியேறிய இடத்திலேதான் முட்டையின் பருத்த முனையிற் காற்றறை அகல்கிறது. ஓட்டை உடைக்குமுன் குஞ்சு தன் முதல் மூச்சை இழுப்பது அக்காற்றறையிலிருந்தே.

கறுத்த முட்டையின்மேற் படிந்துள்ள தடித்த பூச்சு இந்நுண்துளைகளை ஓரளவு அடைத்துவிடுகிறது. ஈரம் போதிய அளவு வெளியேறாது. காற்றறை சிறுத்துவிடும். உள்ளே குஞ்சு முற்றி வளர்ந்தும், ஈரத்தால் வீங்கி, திரும்ப இடமின்றி, ஓட்டை உடைக்க வலிமையின்றி 20 ஆம் நாளிலே இறந்து கிடக்கும். கூழ்முட்டையைக் கண்டால் வளர்ப்பவர் மனம் அத்துணை வருந்துவதில்லை. முழு வடிவும் பெற்று, அலகு காற்றறையை நோக்கியபடி இறந்து கிடக்கும் குஞ்சைக் காண்பது கொடிது.

இதனை முன்னரே அறிந்து தடுக்கலாமே என்றால், அதற்கும் நிறமே தடையாகிறது. முட்டையை விளக்கின் முன் பிடித்து, உள்ளே இரத்த நாளங்கள் படர்ந்துள்ளனவா, காற்றறை எவ்வளவு என்று பார்த்தல் எங்கும் உள்ள வழக்கம். வெள்ளை முட்டையிலே 5 ஆம் நாளிலேயே உயிரின் துடிப்பைக் காணலாம். கருங்கபில முட்டையோ ஒளியை உள்ளே விடாது. வலிய மின்விளக்கைக் கொண்டு பார்த்தாலும், காற்றறையின் எல்லை மங்கலாகத் தெரியும். உள்ளே நடப்பது தெரியாது. எந்த நிறத்துக்காக அம்முட்டை தெரிந்தெடுக்கப்பட்டதோ, அந்நிறமே அதன் உள்ளத்தை மறைக்கும் திரையாகிறது.

ஆதலால், மரான் வளர்ப்போர் கண்ணை விடுத்துத் தராசை நம்புகின்றனர். அடைவைக்கும் நாளில் ஒவ்வொரு முட்டையையும் நிறுத்து, அதன் நிறையை ஓட்டிலேயே பென்சிலால் எழுதுவர். 70 கிராம் நிறையுள்ள முட்டை 18 ஆம் நாளில் ஏறத்தாழ 61 கிராமாக இருத்தல் வேண்டும். இடையிடையே நிறுத்துப் பார்த்து, நிறை விரைவாகக் குறையாதவிடத்து, அடைகாப்புப் பொறியின் ஈரப்பதனைத் தாழ்த்துவர். ஏனைய முட்டைகளுக்கு 50 வீதத்தை ஒட்டிய ஈரப்பதன் போதுமாயின், இவற்றுக்கு 35 அல்லது 40 வீதமளவில் வைப்பவர் பலர். வெப்பநிலை 37.5 பாகை. நாள்தோறும் பல முறை முட்டைகளைத் திருப்புதல் வேண்டும்; 18 ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, உட்சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றிக்கொள்ளாதபடி ஈரப்பதனை 65 அல்லது 70 வீதத்துக்கு உயர்த்துவர். அடைவைக்குமுன் முட்டைகளைச் சேர்த்து வைக்கும் காலமும் நீளலாகாது. குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம் வைத்தால் தீங்கில்லை. அதற்கு மேற்பட நாளுக்கு நாள் பொரிக்கும் திறன் குறையும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அடைகாக்கும் முறையைத் திருத்தாமல், கறுத்த முட்டையையும் வெளிறிய முட்டையையும் ஒரே பொறியில் ஒரே ஈரத்தில் வைத்தால், கறுத்தவற்றிலே இறப்பு மிகும்; வெளிறியவை பிழைக்கும். வளர்ப்பாளர் கண்ணால் கருமையைத் தேர்ந்தெடுக்கிறார். பொறியோ வெளிறலைத் தேர்ந்தெடுக்கிறது. ஆண்டுதோறும் கறுத்த முட்டைகளையே வைத்தும் கூட்டத்தின் நிறம் ஏன் ஏறவில்லை என்று வியப்பவர், தம் பொறியின் ஈரப்பதன் மானியைப் பார்த்தல் நலம். தராசும் பென்சிலும் குஞ்சுகளை மட்டும் காப்பனவல்ல, தேர்வையும் காப்பனவாம்.

எண்ணிக்கையும் நிறமும்

அவ்வாறாயின், 9 ஆம் இலக்கத்து முட்டையே இனவிருத்தியின் இறுதி இலக்கோ? தேர்ந்த வளர்ப்பாளர் அவ்வாறு கருதுவதில்லை. மிகக் குறைவாக முட்டையிடும் கோழியின் முட்டையும் மிகக் கறுத்திருத்தல் உண்டு. நிறப்பொருளைச் சுரக்கும் திறனுக்கு ஓர் எல்லை இருப்பதால், பல முட்டைகள்மேற் பகிரப்படும் நிறம் மெலிகிறது. சில முட்டைகள்மேல் விழும் நிறம் ஆழ்கிறது. நிறத்தை மட்டுமே கருதித் தேர்ந்தால், ஆண்டுக்குச் சில முட்டைகளே இட்டு, அவற்றிலும் பாதி பொரியாத கோழிக்கூட்டத்தில் வந்து முடியலாம். உள்ளிருந்து குஞ்சு வெளிவர இயலாத முட்டை எத்துணை அழகியதாயினும் என்ன பயன்? ஆகவே, ஆழ்ந்த நிறம், போதிய எண்ணிக்கை, நன்கு பொரிக்கும் ஓடு, உடல்நலம் ஆகிய நான்கையும் ஒருங்கே பெற்ற கோழியையே அவர்கள் தாயாக வைப்பர். இவற்றுள் ஒன்றில் சிறந்து மற்றவற்றில் தாழ்ந்ததை விடுத்து, நான்கிலும் நடுத்தரத்துக்கு மேற்பட்டதைக் கொள்வர். நெருங்கிய உறவுக்குள்ளேயே பலமுறை கலந்தால் பொரிக்கும் திறன் குன்றுமாதலின், கூட்டத்தை மூன்று நான்கு குடும்பங்களாகப் பிரித்து, ஆண்டுதோறும் ஒரு குடும்பத்துச் சேவலை அடுத்த குடும்பத்துக்கு மாற்றுவதும் உண்டு.

மறுபுறத்தில் எண்ணிக்கையை மட்டுமே கருதியவர்களும் இருந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலே கோழி வளர்ப்பு பெருந்தொழிலாயிற்று. ஆண்டுக்கு 300 முட்டைகளை இடும் கலப்பினங்கள் பண்ணைகளை நிரப்பின. நன்றாக இட்டாலும் 150 முதல் 200 முட்டைகளையே தரும் மரான், இலாபக் கணக்கிலே தோல்வியுற்றது. அது மறைந்துபோகாமற் காத்தவர்கள், சிறு கூட்டங்களை வீட்டுப் புறத்திலே வளர்த்த ஆர்வலர்களே. அக்காலத்தில் அதன் பெயரை உலகுக்கு நினைவூட்டியது, எதிர்பாராத வகையில், ஒரு துப்பறியும் நாவல். 1957 இல் இயன் பிளெமிங் எழுதி வெளிவந்த நாவலில், ஜேம்ஸ் பொண்ட் என்னும் ஒற்றன் தன் காலையுணவுக்கு விரும்புவது மரான் கோழியின் முட்டையே. அதனை மூன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேலாக அவிக்க வேண்டும் என்பதிலும் அவன் பிடிவாதமானவன். பின்னர் அட்லாந்திக் கடலைக் கடந்து சென்ற இவ்வினத்தின் செம்புக் கழுத்துக் கருமரான் வகையை அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 2011 இல் தன் இலக்கண நூலிற் சேர்த்தது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது வருவோம். உண்பவனுக்குப் பயன் தராத நிறத்தைக் காப்பது வீண் வேலையோ? பசியைப் போக்குதலே கோழியின் கடமை என்று கொள்வோர்க்கு ஆம் என்பதே விடை. ஆயினும், கோழியிடத்து மனிதன் வேண்டியது பசிக்கு உணவு மட்டுமாயின், அதன் இறகிலும் கூவலிலும் கொண்டையிலும் அவன் ஆயிரம் வேறுபாடுகளை வளர்த்திருக்கமாட்டான். கருங்கபில நிறம் பல பரம்பரையலகுகள் ஒருங்கு கூடிய ஓர் ஒழுங்கு. இவ்வொழுங்கு தானாகப் பிறந்ததன்று, தானாக நிலைப்பதுமன்று. தேர்வு நின்றால், அடுத்த சில தலைமுறைகளிலேயே ஒவ்வொரு சாயலாக அது மங்கிவிடும். சிதறிய பின் மீண்டும் திரட்ட ஒருவருடைய வாழ்நாள் போதாமற் போகலாம்.

அந்த ஒழுங்கைக் காப்பவர் செய்வன மிக எளிய செயல்கள்: முட்டையில் இலக்கம் எழுதுதல், நிறுத்தல், காத்திருத்தல், அழகிய சேவல் எனினும் அதன் பெண்மக்கள் வெளிறிய முட்டையிட்டால் அதனை விலக்குதல். இவற்றுள் எதுவும் உடனே பலன் தருவதன்று. இவ்வசந்தத்தில் அவர் தெரிந்தெடுத்த சேவல் சரியானதுதானா என்பதை அறிவதற்கு, மறு ஆண்டின் குளிர்காலம்வரை, அதன் பெண்மக்கள் பொறிக்கூட்டில் இடப்போகும் முட்டைகளுக்காக அவர் பொறுத்திருத்தல் வேண்டும்.